ரயிலுக்கு முன்பே புறப்பட்ட கணக்கு

சென்னையிலிருந்து ஒரு ரயில் காலை 6 மணிக்குக் கிளம்புகிறது. மதுரையிலிருந்து இன்னொரு ரயில் அதே 6 மணிக்குச் சென்னையை நோக்கிக் கிளம்புகிறது. முதல் ரயிலின் வேகம் இவ்வளவு, இரண்டாவதன் வேகம் அவ்வளவு; இரண்டும் எப்போது, எங்கே சந்திக்கும்? பள்ளிக்கூடம் போன யாரும் இந்தக் கணக்கிடமிருந்து தப்பியிருக்க முடியாது. டி.என்.பி.எஸ்.சி., வங்கி, ரயில்வே என்று எந்தத் தேர்வு எழுதப் போனாலும் அது வந்து வழிமறிக்கும். ரயில் ஓடத் தொடங்கிய பிறகுதான் இந்தக் கணக்கும் பிறந்திருக்கும் என்று நாமாகவே நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் ரயிலைவிட இது ஏறத்தாழ 1,800 ஆண்டுகள் மூத்தது. ரயிலில் ஏறுவதற்கு முன் இந்தக் கணக்கு பறவையாகப் பறந்திருக்கிறது, வேட்டைநாயாகத் துரத்தியிருக்கிறது, கோளாக வானில் ஊர்ந்திருக்கிறது, போப்பாண்டவரின் கடிதத்தையும் சுமந்திருக்கிறது.

முதலில் இதைத் தொட்டவர்கள் இதைக் கணக்காகவே பார்க்கவில்லை. கி.மு. 5ஆம் நூற்றாண்டில், தெற்கு இத்தாலியில் இருந்த எலியா என்ற கிரேக்கக் குடியேற்ற நகரில் ஜீனோ என்ற தத்துவவாதி இருந்தார். மாவீரன் அகிலீஸ் ஓர் ஆமையைத் துரத்துகிறான். ஆமை சற்று முன்னால் நிற்கிறது. ஆமை நின்ற இடத்துக்கு அகிலீஸ் வந்து சேர்வதற்குள் அது கொஞ்சம் நகர்ந்துவிடும். அந்த இடத்துக்கு வந்தால் இன்னும் கொஞ்சம் நகர்ந்திருக்கும். அப்படியானால் அவன் ஆமையைப் பிடிப்பது எப்படி என்று கேட்டார் ஜீனோ. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு அறிஞர்கள் நூற்றாண்டுக்கணக்கில் வாதாடினார்கள். விடை சொல்வதில் கிரேக்கர்களுக்கு ஒரு கூடுதல் சிக்கலும் இருந்தது. அவர்களுடைய கணிதத்தில் ஒரே இனத்தைச் சேர்ந்த அளவுகளை மட்டுமே ஒன்றோடொன்று ஒப்பிடலாம்: தூரத்தைத் தூரத்தோடு, நேரத்தை நேரத்தோடு. தூரத்தை நேரத்தால் வகுப்பது முறையற்ற செயல். ஆகவே ‘மணிக்கு இத்தனை மைல்’ என்ற அளவு அவர்களுடைய ஏடுகளில் பிறக்கவேயில்லை.

சீனாவில் இப்படி எந்தத் தயக்கமும் இல்லை. அங்கே ஹான் பேரரசின் அதிகாரிகளுக்கு வரி தானியம் வண்டியில் எத்தனை நாளில் வந்து சேரும், எந்த ஊருக்கு எத்தனை வண்டி ஒதுக்கலாம் என்பதெல்லாம் அன்றாடத் தலைவலி. கி.பி. முதல் நூற்றாண்டுக்குள் இன்றைய வடிவத்தை அடைந்துவிட்ட ‘கணிதக் கலையின் ஒன்பது அத்தியாயங்கள்’ என்ற நூலின் ஆறாம் அத்தியாயம் இந்த வரிக் கணக்குகளுக்கானது. அதன் நடுவே திடீரென்று இரண்டு பறவைகள் வருகின்றன. தென்கடலிலிருந்து வடகடலுக்கு ஒரு காட்டுத்தாரா 7 நாளில் பறக்கும். வடகடலிலிருந்து தென்கடலுக்கு ஒரு காட்டுவாத்து 9 நாளில் பறக்கும். இரண்டும் ஒரே சமயத்தில் கிளம்பினால் எத்தனை நாளில் சந்திக்கும்?

இதில் தூரமும் சொல்லப்படவில்லை, வேகமும் சொல்லப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். சீனர்களின் வழி மிக எளிது. 7-ஐயும் 9-ஐயும் பெருக்கினால் 63. அந்த 63 நாளில் தாரா முழு வழியையும் 9 முறை பறந்திருக்கும், வாத்து 7 முறை பறந்திருக்கும். இரண்டும் சேர்ந்து 16 முறை. இரண்டும் சேர்ந்து ஒரு முழு வழியைக் கடக்கும் கணத்தில்தான் சந்திப்பு நிகழும் என்பதால், 63-ஐ 16-ஆல் வகுத்தால் போதும். விடை மூன்றே பதினைந்து பதினாறாம் பங்கு நாள், அதாவது நான்கு நாளுக்குச் சற்றுக் குறைவு. இந்த 7, 9 என்ற எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பல நூற்றாண்டு கழித்து வேறொரு கண்டத்தில் அவற்றை மறுபடி பார்க்கப்போகிறோம்.

அதே அத்தியாயத்தில் இன்னொரு கணக்கும் உண்டு. விருந்தாளி ஒருவர் நாளுக்கு 300 லீ ஓடும் குதிரையில் ஊருக்குப் புறப்படுகிறார். தன் உடையை மறந்து வைத்துவிட்டுப் போய்விடுகிறார். நாளில் மூன்றில் ஒரு பங்கு கழிந்த பிறகு வீட்டுக்காரர் அதைப் பார்க்கிறார். குதிரையைத் தட்டிவிட்டுத் துரத்திப் பிடித்து, உடையைக் கொடுத்துவிட்டு வீடு திரும்பும்போது நாளில் முக்கால் பங்கு முடிந்திருக்கிறது. வீட்டுக்காரரின் குதிரை நாளுக்கு எத்தனை லீ ஓடும்? போட்டுப் பாருங்கள், விடை 780. இன்னும் சில கணக்கு தள்ளினால் ஐந்து வாய்க்கால்கள் சேர்ந்து ஒரு குளத்தை நிரப்புகின்றன. நம் பாடப்புத்தகத்தில் ரயில் கணக்கும் குழாய்-தொட்டிக் கணக்கும் அடுத்தடுத்த பாடங்களாக வருவது தற்செயல் இல்லை. இரண்டும் ஒரே வீட்டில் பிறந்த பிள்ளைகள். இரண்டு குழாய்கள் சேர்ந்து தொட்டியை நிரப்புவதும் இரண்டு பறவைகள் சேர்ந்து வானவழியைத் தீர்ப்பதும் கணக்கைப் பொறுத்தவரை ஒன்றுதான்.

இந்தியாவில் இதே கேள்வியை வானத்தைப் பார்த்துக் கேட்டார் ஆரியபட்டர். கி.பி. 499-இல், தன் 23ஆம் வயதில், அவர் ஆரியபட்டீயத்தில் சொன்ன விதி இது: இரண்டு பொருள்கள் எதிரெதிராக வந்தால் இடையிலுள்ள தூரத்தை வேகங்களின் கூட்டுத்தொகையால் வகு, ஒரே திசையில் போனால் வேகங்களின் வித்தியாசத்தால் வகு. வருவது அவை சந்தித்த நேரம், அல்லது சந்திக்கப்போகும் நேரம். அவர் மனத்தில் இருந்தவை கோள்கள். ஆனால் இன்று பயிற்சி மையக் கரும்பலகையில் எழுதிப்போடும் விதி இதிலிருந்து ஓர் அடியும் விலகவில்லை. எதிர்த்திசை என்றால் கூட்டு, ஒரே திசை என்றால் கழி, அவ்வளவுதான். அதே நூலில், படகில் முன்னோக்கிப் போகிறவனுக்குக் கரையில் அசையாமல் நிற்பவை பின்னோக்கி ஓடுவதாகத் தெரிவதைச் சொல்லி, விண்மீன்கள் மேற்கே நகர்வதாகத் தோன்றுவதும் அப்படித்தான் என்று விளக்குகிறார். ஓடும் ரயிலின் ஜன்னலில் பனைமரங்கள் பின்னால் ஓடுவதைப் பார்க்கும் குழந்தை காண்பதும் இதையேதான்.

கோள்களிலிருந்து கணக்கு தரைக்கும் இறங்கியது. 1881-இல், இன்று பாகிஸ்தானில் இருக்கும் பக்ஷாலி என்ற கிராமத்தில் மண்ணைத் தோண்டியபோது பூர்ஜ மரப்பட்டையில் எழுதிய பழைய கணித ஏடு ஒன்று கிடைத்தது. அதில் ஒரு வழிப்போக்கர் நாளுக்கு நாள் நடையைக் கூட்டிக்கொண்டே போகிறார். இன்னொருவர் முன்கூட்டியே கிளம்பி ஒரே சீராக நடக்கிறார். பிறகு கிளம்பியவர் முன்கூட்டியே போனவரை என்று எட்டிப்பிடிப்பார் என்பது கேள்வி. விடை முழு எண்ணாக வராமல் வர்க்கமூலத்தில் போய் முட்டுகிறது. அதைத் தோராயமாகக் காண்பதற்கும் அந்த ஏடு வழி சொல்கிறது. 9ஆம் நூற்றாண்டில், ராஷ்டிரகூட மன்னர் அமோகவர்ஷர் காலத்தில், சமண அறிஞர் மகாவீரர் எழுதிய கணிதசாரசங்கிரகத்திலும் வழியில் சந்திக்கும் பயணிகள் வருகிறார்கள். அந்த நூலை உலகறியச் செய்தது சென்னை. மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ரங்காச்சாரியார் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, 1912-இல் சென்னை அரசு அச்சகம் அதை வெளியிட்டது.

மகாவீரருக்குச் சற்று முன்பு, உலகத்தின் மறு கோடியில், பேரரசர் ஷார்லமேனின் அவையில் யார்க் நகரத்து அல்குயின் என்ற ஆசிரியர் இருந்தார். இளைஞர்களின் மூளையைக் கூர்மையாக்குவதற்கான புதிர்த் தொகுப்பு ஒன்று அவர் பேரில் வழங்குகிறது. அதில் 150 அடி நீள வயல். ஒரு முனையில் நாய், மறுமுனையில் முயல். நாய் ஒரு பாய்ச்சலில் 9 அடி தாவும், முயல் 7 அடி தாவும். பாய்ச்சலுக்கு 2 அடி மிச்சம் பிடிக்கிற நாய், 150 அடி இடைவெளியை 75 பாய்ச்சலில் தின்றுவிடும். ஆரியபட்டரின் கழித்தல் விதியே ஐரோப்பிய வயலில் நான்கு காலில் ஓடுகிறது.

ஐரோப்பாவுக்கு இதையெல்லாம் மொத்தமாக இறக்குமதி செய்தவர் ஒரு சுங்க அதிகாரியின் மகன். இத்தாலியின் பீசா நகர வணிகர்களுக்காக வட ஆப்பிரிக்காவின் புஜியா துறைமுகத்தில் அவருடைய தந்தை வேலை பார்த்தார். இன்று அது அல்ஜீரியாவின் பெஜாயா. கணக்குப் படிக்கட்டும் என்று மகனையும் அங்கே வரவழைத்தார். இந்திய எண்களைக் கற்றுக்கொண்ட அந்த இளைஞர் எகிப்து, சிரியா, கிரேக்கம், சிசிலி என்று வணிகம் நடந்த இடமெல்லாம் சுற்றிக் கணக்குகளைத் திரட்டினார். 1202-இல் அவர் எழுதிய ‘லிபர் அபாசி’ என்ற நூலில் நரியைத் துரத்தும் நாய், எதிரெதிராக வரும் இரண்டு கப்பல்கள் எல்லாம் உண்டு. அவரைத்தான் உலகம் ஃபிபொனாச்சி என்று அழைக்கிறது. அந்த நூலைப் பார்த்துப் படித்த கணக்கு வாத்தியார்கள் இத்தாலியின் ஊர்களில் வணிகர் பிள்ளைகளுக்காகப் பள்ளிகள் நடத்தினார்கள். ஒருவர் புத்தகத்தைப் பார்த்து இன்னொருவர் எழுதினார். எண்ணை மாற்றினார், நாயை மாற்றினார், கணக்கை மட்டும் மாற்றவில்லை.

அப்படித்தான் 1478 டிசம்பரில், வெனிஸுக்குப் பக்கத்திலுள்ள திரெவீசோ என்ற சிற்றூரில் ஒரு கணக்குப் புத்தகம் அச்சானது. ஆண்டு குறிக்கப்பட்டு ஐரோப்பாவில் அச்சான கணிதப் புத்தகங்களில் இதுவே முதல் என்று சொல்வார்கள். எழுதியவர் பெயர் அதில் இல்லை. வணிகத்தில் இறங்க விரும்பும் இளைஞர்கள் கேட்டுக்கொண்டதால் எழுதினேன் என்கிறார். மொழியும் அறிஞர்களின் லத்தீன் இல்லை, வெனிஸ் கடைவீதியின் பேச்சுமொழி. அதில் போப்பாண்டவர் ரோமிலிருந்து வெனிஸுக்கு ஓர் அஞ்சற்காரரை அனுப்புகிறார். அவர் 7 நாளில் போய்ச்சேர வேண்டும். அதே நேரத்தில் வெனிஸ் அரசு ரோமுக்கு ஓர் அஞ்சற்காரரை அனுப்புகிறது. அவர் 9 நாளில் போய்ச்சேர வேண்டும். வழி 250 மைல். எப்போது சந்திப்பார்கள்?

அதே 7, அதே 9, அதே மூன்றே பதினைந்து பதினாறாம் பங்கு நாள்! சீனத் தாராவும் வாத்தும் ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகள் கழித்து இத்தாலியத் தபால்காரர்களாக வந்து நிற்கின்றன. வணிகர் வழியே கைமாறிக் கைமாறி வந்ததுபோலவே தோன்றும். ஆனால் கணக்கு வாத்தியாரின் இடத்திலிருந்து பார்த்தால் இன்னொரு காரணமும் புலப்படும். 7, 9 இரண்டும் சிறிய எண்கள், இரண்டுக்கும் பொது வகுத்தி கிடையாது, கூட்டினால் 16 என்ற கையாள எளிதான பகுதி வருகிறது. இப்படிப்பட்ட எண்களைத் தேடுகிற ஆசிரியரின் கை எந்த நாட்டில் இருந்தாலும் இவற்றின் மேல்தான் போய் விழும். 250 மைல் என்பது மட்டும் இத்தாலியின் சேர்க்கை. அதை வைத்து ஒருவர் 140 மைலுக்குச் சற்று மேலும் மற்றவர் 109 மைலுக்குச் சற்று மேலும் வந்திருப்பார்கள் என்று இடத்தையும் கண்டுபிடிக்கலாம்.

இதற்கிடையில் ஆக்ஸ்ஃபோர்டின் மெர்ட்டன் கல்லூரியில் வேறொரு வேலை நடந்திருந்தது. 1330-களில் வில்லியம் ஹெய்ட்ஸ்பரி முதலான அறிஞர்கள் வேகம் மாறிக்கொண்டே இருந்தால் என்ன செய்வது என்று யோசித்தார்கள். ஒரே சீராக வேகம் கூடும் பொருள் கடக்கும் தூரமும், தொடக்க வேகத்துக்கும் இறுதி வேகத்துக்கும் சரிபாதியான வேகத்தில் சீராகப் போகும் பொருள் அதே நேரத்தில் கடக்கும் தூரமும் சமம் என்று நிறுவினார்கள். ரயில் நிலையத்திலிருந்து வண்டி மெல்ல வேகமெடுக்கும்போது நாம் ‘சராசரி வேகம்’ என்று போடுகிறோமே, அதன் வேர் அங்கே இருக்கிறது. மூன்று நூற்றாண்டு கழித்து, 1638-இல் கலிலியோ கீழே விழும் பொருளை அளக்க இதே உண்மையைத்தான் பயன்படுத்தினார்.

அஞ்சற்காரர்கள் அதன் பிறகும் குதிரையை விட்டு இறங்கவில்லை. 1707-இல் வெளிவந்த ஐசக் நியூட்டனின் இயற்கணித விரிவுரை நூலில் 59 மைல் இடைவெளியில் இரண்டு அஞ்சல் ஆட்கள் கிளம்புகிறார்கள். ஒருவர் 2 மணி நேரத்தில் 7 மைல் போவார். மற்றவர் 3 மணி நேரத்தில் 8 மைல் போவார், அதுவும் ஒரு மணி நேரம் தாமதமாகக் கிளம்பி. முதலாமவர் 35 மைல் வந்ததும் சந்திப்பு. வானத்தின் இயக்கத்தையே விளக்கியவர் அமர்ந்து தபால்காரர் கணக்குப் போட்டிருக்கிறார்! பிரான்சில் 18ஆம் நூற்றாண்டு இயற்கணித ஆசிரியர்களுக்கு அஞ்சற்காரர் கணக்கு ஒரு பெரிய உண்மையைப் புரியவைக்கும் கருவியானது. பின்னால் வருபவரின் வேகம் குறைவாக இருந்தால் விடை எதிர்க்குறியோடு வரும். அப்படி வந்தால் கணக்கு தப்பு என்று பொருளில்லை. அவர்கள் ஏற்கெனவே சந்தித்துவிட்டார்கள் என்று பொருள். ‘சந்தித்த நேரம், அல்லது சந்திக்கப்போகும் நேரம்’ என்று ஆரியபட்டர் இரண்டையும் சேர்த்தே சொன்னது இங்கே நினைவுக்கு வருகிறது.

பிறகு 1830 செப்டம்பர் 15 வந்தது. லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே ரயில் பாதை திறந்த நாள். வழியில் தண்ணீர் பிடிக்க வண்டி நின்றபோது, லிவர்பூல் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் வில்லியம் ஹஸ்கிஸன் கீழே இறங்கிப் பிரதமர் வெலிங்டனிடம் பேசப் போனார். பக்கத்துத் தண்டவாளத்தில் ‘ராக்கெட்’ என்ஜின் வந்துகொண்டிருந்தது. அது எத்தனை நொடியில் தன்னை எட்டும் என்பதை அவரால் கணிக்க முடியவில்லை. அடிபட்டு அன்று இரவே இறந்தார். குதிரை வேகத்துக்குப் பழகிய மனிதக் கண் முதன்முறையாக ஒரு புது வேகத்தின் முன்னால் தோற்ற நாள் அது.

கணக்குக்கோ அது பொற்காலத்தின் தொடக்கம். நாய் சீராக ஓடாது, தபால்காரர் சத்திரத்தில் தூங்குவார், பறவை காற்றுக்கு ஏற்பத் திசை மாறும். ஏறத்தாழ 1,800 ஆண்டுகளாகக் கணக்காசிரியர்கள் கற்பனை செய்துகொண்டிருந்த ‘சீரான வேகம்’ நிஜமாகவே மண்ணில் ஓடியது ரயிலில்தான். இன்னொன்றையும் ரயில் கொண்டுவந்தது: நீளம். தாராவும் அஞ்சற்காரரும் கணக்கில் வெறும் புள்ளிகள். ரயிலுக்கு மூக்கும் உண்டு, வாலும் உண்டு. மூக்கு பிளாட்பாரத்தைத் தொட்டதிலிருந்து வால் அதை விட்டு விலகும்வரை எத்தனை விநாடி என்ற கேள்வியை ரயில் வந்த பிறகுதான் கேட்க முடிந்தது.

‘இரண்டு ரயில்களும் காலை 6 மணிக்குக் கிளம்புகின்றன’ என்று எழுதுவதும் அன்று லேசான காரியமில்லை. யாருடைய 6 மணி? பிரிஸ்டல் நகரக் கடிகாரம் லண்டனைவிட 10 நிமிடம் பின்தங்கியிருந்தது. 1840-இல் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே தன் நிலையங்கள் எல்லாவற்றிலும் லண்டன் நேரத்தையே வைத்தது. இந்தியாவில் இந்தப் பெருமை நம் ஊருக்கு வந்தது. நுங்கம்பாக்கம் வானாய்வகம் கணித்த மதராஸ் நேரம், கல்கத்தா நேரத்துக்கு அரை மணி பின்னாலும் பம்பாய் நேரத்துக்கு அரை மணி முன்னாலும், நட்டநடுவில் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய ரயில்கள் அதையே தங்கள் நேரமாகக் கொண்டன. 1906-இல் இந்தியப் பொதுநேரம் வரும்வரை, டெல்லியில் வண்டி கிளம்புவதற்கும் மதராஸ் கடிகாரம்தான் கணக்கு.

பாதை ஒன்று, வண்டிகள் எதிரெதிராக இரண்டு என்றால் எங்கே சந்திக்கும் என்பது உயிர் போகிற கேள்வியாகிவிடும். பிரெஞ்சு ரயில்வே பொறியாளர் இப்ரி இதற்குக் கோடுகளால் விடை கண்டார். கிடையாக நேரம், செங்குத்தாக நிலையங்கள். ஒவ்வொரு ரயிலும் ஒரு சாய்கோடு. வேகம் கூடினால் சாய்வு செங்குத்தாகும். இரண்டு கோடுகள் வெட்டுகிற இடமே சந்திப்பு. இதயத் துடிப்பையும் குதிரைப் பாய்ச்சலையும் வரைபடமாக்கிய உடலியல் அறிஞர் மாரே, பாரிஸ்–லியோன் ரயில்களின் இந்தப் படத்தைத் தன் நூலில் சேர்த்தார். உலகமெங்கும் அது புகழ்பெற்றது. இன்றும் ரயில்வே கட்டுப்பாட்டு அறையில் செக்‌ஷன் கன்ட்ரோலரின் கண் முன்னால் இருப்பது இதே படம்தான். நடுவழியில் ஏதோ ஒரு சிறு நிலையத்தில் வண்டி நின்று, ‘கிராசிங் போட்டிருக்காங்க’ என்று பெட்டிக்குள் யாராவது சொல்லும்போது, இரண்டு கோடுகள் அந்த நிலையத்தில்தான் வெட்ட வேண்டும் என்று ஒருவர் முடிவெடுத்திருக்கிறார் என்று பொருள்.

புதிர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? ‘ஆலிஸின் அற்புத உலகம்’ எழுதிய லூயிஸ் கரோல் ஆக்ஸ்ஃபோர்டில் கணித விரிவுரையாளர். 1880-களில் ஒரு மாத இதழில் எழுதிய புதிர்க்கதைகளில், வட்டப் பாதையில் ஒரு திசையில் 3 மணி நேரத்திலும் மறுதிசையில் 2 மணி நேரத்திலும் சுற்றிவரும் ரயில்களை 15 நிமிடத்துக்கு ஒன்றாக ஓடவிட்டு, எந்தத் திசையில் போகிறவர் அதிக ரயில்களைச் சந்திப்பார் என்று கேட்டார். பிரெஞ்சுக் கணிதர் எதுவார் லூக்கா கேட்ட கப்பல் கணக்கு அறிஞர்களையே தடுமாற வைத்தது. தினமும் நண்பகலில் லெ ஹாவ்ரிலிருந்து நியூயார்க்குக்கு ஒரு கப்பல், அங்கிருந்து இங்கே ஒரு கப்பல். பயணம் 7 நாள். இன்று கிளம்பும் கப்பல் எதிரே எத்தனை கப்பல்களைச் சந்திக்கும்? 7 என்று சொல்லத் தோன்றும். ஏற்கெனவே கடலில் வந்துகொண்டிருப்பவற்றை மறந்தால்தான் 7. இரு துறைமுகங்களிலும் சந்திப்பவற்றையும் சேர்த்தால் 15.

இந்த வரிசையில் மிகப் புகழ்பெற்றது ஈ கணக்கு. 100 கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு ரயில்கள், ஒவ்வொன்றும் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் எதிரெதிராக வருகின்றன. ஓர் ஈ மணிக்கு 75 கிலோமீட்டர் வேகத்தில் ஒன்றின் முகப்பிலிருந்து மற்றதன் முகப்புக்கும், அங்கிருந்து திரும்பியும் மாறி மாறிப் பறக்கிறது. ரயில்கள் சந்திப்பதற்குள் அது பறந்த தூரம் என்ன? ஒவ்வொரு நடையையும் தனித்தனியாகக் கூட்டினால் முடிவில்லாத் தொடர். ஜீனோவின் ஆமை மறுபடி எதிரே வந்து நிற்கும். ரயில்கள் சந்திக்க ஒரு மணி நேரம் ஆகும், ஆகவே ஈ 75 கிலோமீட்டர் பறந்திருக்கும் என்று பார்த்தால் ஒரே வரி. இதைக் கேட்டவுடன் கணித மேதை ஜான் வான் நாய்மன் விடை சொன்னாராம். சுருக்கு வழி தெரிந்துவிட்டதா என்று கேட்டதற்கு, தொடரைத்தான் கூட்டினேன் என்றாராம். கணித உலகில் சலிக்காமல் சொல்லப்படும் கதை இது.

வேகங்களைக் கூட்டும் விதிக்கு முதல் திருத்தம் வந்ததும் ரயிலில்தான். சிறப்புச் சார்பியல் கொள்கையை 1905-இல் வெளியிட்ட ஐன்ஸ்டைன், பொதுமக்களுக்காக 1917-இல் வெளிவந்த நூலில் அதை விளக்க ஒரு நீண்ட ரயிலையும் அதன் ஓரத்து மேட்டையும்தான் எடுத்துக்கொண்டார். எதிரெதிராக வரும் இரண்டு ரயில்களில் ஒன்றிலிருந்து மற்றதன் வேகத்தை அளந்தால், இரண்டு வேகங்களையும் கூட்டிக் கிடைக்கும் விடை அதைவிட மிக மிகச் சிறிதளவு கூடுதல் என்றார். மணிக்கு 100 கிலோமீட்டரில் வரும் இரண்டு ரயில்களுக்கு அந்தப் பிழை, ஒரு மணி நேரத்தில் ஒரு மீட்டரை நூறு கோடியாகப் பங்குபோட்டால் அதில் இரண்டு பங்குகூட இல்லை. தேர்வு எழுதுபவர்கள் கவலைப்பட வேண்டாம்.

ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு 1856 ஜூலை 1-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. அதே காலத்தில் ஆங்கிலேயப் பாடப்புத்தகங்களும் கப்பலேறி வந்தன. ஹால், நைட் இருவரும் 1885-இல் வெளியிட்ட இயற்கணிதம் தலைமுறை தலைமுறையாக நம் வகுப்பறைகளில் புழங்கியது. அதைப் பார்த்து உள்ளூர் ஆசிரியர்கள் எழுதினார்கள். லண்டன் போய் மதராஸ் வந்தது, பர்மிங்ஹாம் போய் விழுப்புரம் வந்தது. அந்தக் கால மாணவர்கள் ‘மணிக்கு 60 மைல் என்றால் விநாடிக்கு 88 அடி’ என்று தூக்கத்திலும் சொல்வார்கள். 1956-இல் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்து மைலும் அடியும் போனபோது 88-ம் ஓய்வுபெற்றது. அதன் இடத்தில் வந்து உட்கார்ந்ததுதான் இன்றைய ‘ஐந்தின் கீழ் பதினெட்டு’. கிலோமீட்டரை மீட்டராக்க 1,000, மணியை விநாடியாக்க 3,600, அந்த இரண்டின் விகிதத்தைச் சுருக்கினால் 5/18. அது எங்கிருந்து வந்தது என்று கேட்காமலேயே லட்சக்கணக்கானோர் அதைப் பெருக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தக் கணக்கை ஒருமுறை ரயிலுக்குள் உட்கார்ந்தே பாருங்கள். 22 பெட்டிகள் கொண்ட விரைவு வண்டி என்ஜினோடு ஏறக்குறைய 550 மீட்டர் இருக்கும். மணிக்கு 110 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 30.5 மீட்டர் சொச்சம். ஒரு மின்கம்பத்தை முழு ரயிலும் கடக்க 18 விநாடி ஆகும். உலகின் மிக நீளமான பிளாட்பாரமான ஹுப்ளியின் 1,507 மீட்டரை நிற்காமல் கடந்தால் 67 விநாடி. எதிரே அதே நீளத்தில், அதே வேகத்தில் இன்னொரு ரயில் வந்தால்? மூக்கு மூக்கைத் தொட்டதிலிருந்து வாலும் வாலும் பிரிவதுவரை மறுபடி அதே 18 விநாடிதான். நீளமும் இரண்டு மடங்கு, வேகமும் இரண்டு மடங்கு. கம்பமும் ரயிலும் ஒரே நேரம் பிடிக்கும். நீண்ட பற்றவைப்புத் தண்டவாளங்கள் வருவதற்கு முன், அகலப் பாதையில் ஒவ்வொரு தண்டவாளமும் 13 மீட்டர். ஒவ்வோர் இணைப்பிலும் சக்கரம் ஒரு ‘கடக்’ ஒலி எழுப்பும். 47 விநாடியில் எத்தனை ‘கடக்’ கேட்கிறதோ, கிட்டத்தட்ட அத்தனை கிலோமீட்டர்தான் மணிக்கு வேகம். 13 மீட்டரை 3.6-ஆல் பெருக்கினால் 46.8 வருகிறது, அதுதான் சூட்சுமம்.

ஹான் சீனாவிலிருந்து ஹுப்ளி வரை இந்தக் கணக்கு கேட்டுவந்தது ஒரே ஒரு கேள்விதான்: இடையில் எவ்வளவு தூரம், அது விநாடிக்கு எவ்வளவு குறைகிறது? தாரா கணக்கைப் போட்ட சீன அதிகாரிக்கும் கோள்களைப் பார்த்த ஆரியபட்டருக்கும் கட்டுப்பாட்டு அறை ஊழியருக்கும் இதுவே மையம். நம் வகுப்பறைகளில் இந்த மையத்தை விட்டுவிட்டு, கம்பம் கடக்க ஒரு சூத்திரம், பிளாட்பாரம் கடக்க ஒரு சூத்திரம், எதிர்த்திசைக்கு ஒன்று, ஒரே திசைக்கு ஒன்று என்று பிள்ளைகள் தலையில் அடுக்குகிறோம். தேர்வு முடிந்ததும் அத்தனையும் மறந்துபோகிறது. ரயில் கணக்கு என்றாலே பயம் மட்டும் மிஞ்சுகிறது. ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இந்தப் பாடத்தை எடுக்கும்போது சூத்திரத்தை முதலில் எழுதாதீர்கள். 7 நாள் தாராவையும் 9 நாள் வாத்தையும் முதலில் பறக்கவிடுங்கள். விடையைப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடித்துவிட்டால், அதன் பிறகு எந்த ரயிலையும் அவர்கள் தவறவிட மாட்டார்கள்.